காக்கப்பட வேண்டியது சுவரா, நீரா? – பேர்மிங்ஹாம் மோஸ்லி வீதிப் பொதுக் குளியலகத்தை முன்வைத்து ஒரு விவாதம்

பழைய பொதுக் கட்டடம் ஒன்று மூடப்படும் நிலையை அடையும்போது மூன்று குரல்கள் எழுவதுண்டு. முதலாவது கணக்காளரின் குரல். வரவைவிடச் செலவு மிகுதி, கூரை ஒழுகுகிறது, கொதிகலன் பழுதடைந்துவிட்டது, ஆகவே மூடுவதே விவேகம் என்று அது கூறும். இரண்டாவது கலாரசிகரின் குரல். சுடுமண் வேலைப்பாட்டையும் வண்ணக் கண்ணாடியையும் வார்ப்பிரும்பு வளைவுகளையும் பாருங்கள், இவை அழியலாகாது என்று அது இறைஞ்சும். மூன்றாவது அண்மைக் காலத்தில் ஓங்கி ஒலிக்கும் குரல். அரசை ஏன் எதிர்பார்க்கிறீர்கள், அயலிலுள்ள மக்களே முன்வந்து காத்துக்கொள்ளட்டும், அதுவல்லவோ உண்மையான சனநாயகம் என்று அது தட்டிக்கொடுக்கும்.

இம்மூன்றும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை போலத் தோன்றினும் அவற்றிடையே ஆழ்ந்த உடன்பாடு ஒன்று உண்டு. அக்கட்டடம் எதற்காக எழுப்பப்பட்டது என்பதையும், அதனைப் பேணும் கடமை யாருடையது என்பதையும் இம்மூன்றில் எதுவும் வினவுவதில்லை. அவ்விரு வினாக்களையும் எழுப்பாமல் மரபுரிமைப் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவது, வெறும் அலங்காரப் பேச்சாகவே முடியும்.

இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரில், போல்சல் ஹீத் என்னும் பகுதியில் அமைந்துள்ள மோஸ்லி வீதிக் குளியலகம் இவ்விவாதத்துக்கு மிகப் பொருத்தமான களமாகும். 1907ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி திறக்கப்பட்ட இக்குளியலகம் பலமுறை மூடலின் விளிம்புவரை சென்று, 2018இல் அயலவர்களாலும் அவர்கள் அமைத்த அறநிறுவனத்தாலும் பொறுப்பேற்கப்பட்டது. ‘மக்கள் காத்த குளியலகம்’ என்று அதன் கதை இன்று பெருமையுடன் கூறப்படுகிறது. அப்பெருமை முற்றிலும் நியாயமானது. எனினும் அதே கதை, கடமையைக் கைவிட்டவர்களின் குற்றத்தை மறைக்கும் திரையாகவும் பயன்பட்டுவருகிறது என்பதே இங்கு நிறுவ முற்படும் கருத்தாகும்.

குளியலகம் தோன்றிய வரலாறு

பொதுக் குளியலகம் பிரபுக்களின் கேளிக்கைக்காகத் தோன்றியதன்று. கைத்தொழிற் புரட்சி இங்கிலாந்தின் நகரங்களை நிரப்பியபோது தொழிலாளருக்கென நெருக்கமாக எழுப்பப்பட்ட குடியிருப்புகளில் குழாய்நீர் இல்லை. கழிவுநீர் வழியும் இல்லை. பல குடும்பங்கள் ஒரே முற்றத்தையும் ஒரே நீர்க்குழாயையும் பங்கிட்டன. ஆலையில் பன்னிரண்டு மணித்தியாலம் உழைத்து, கரியும் எண்ணெயும் படிந்த உடலுடன் மீளும் மனிதனுக்கு அவ்வுடலைக் கழுவ இடமில்லை. அழுக்கு அவனது பழக்கம் என்று மேல்வர்க்கம் இகழ்ந்தது. அது அவனது பழக்கமன்று. அவனுக்கு வழங்கப்பட்ட வீட்டின் அமைப்பு.

1832இல் வாந்திபேதி பரவியபோது லிவர்பூல் நகரில் கிற்றி வில்கின்சன் என்னும் பெண் முன்வந்தார். அயர்லாந்திலிருந்து குடிபெயர்ந்து வந்த ஏழைத் தொழிலாளி அவர். அயலில் எவரிடமும் இல்லாத ஒரு கொதிகலன் அவர் வீட்டில் இருந்தது. நோயாளிகளின் துணிகளையும் படுக்கை விரிப்புகளையும் அக்கொதிகலனில் கழுவிக்கொள்ள அவர் அயலவர்க்கு இடமளித்தார். நோய்க் கிருமி பற்றிய விஞ்ஞானம் அன்று உருவாகியிருக்கவில்லை. எனினும் சுடுநீரும் சுண்ண இரசாயனமும் உயிர் காப்பதை அப்பெண்ணின் அனுபவம் கண்டுகொண்டது. அவ்வனுபவத்தின் தொடர்ச்சியாகவே 1842இல் லிவர்பூலின் பிரெடரிக் வீதியில் நகரசபையின் செலவில் குளியலகமும் சலவைக்கூடமும் திறக்கப்பட்டன. பின்னர் அதன் மேற்பார்வைப் பொறுப்பும் அவரிடமும் அவர் கணவரிடமும் ஒப்படைக்கப்பட்டது.

இவ்விடத்தே கருத்தூன்றி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. அயலவரின் தன்னார்வம் இங்கு தொடக்கப் புள்ளியாகவே இருந்தது. ஒரு பெண்ணின் சமையலறைக் கொதிகலன் ஒரு நகருக்குப் போதாது என்பதை உணர்ந்தமையாலேயே அது நகரசபையின் பொறுப்பாயிற்று. 1846இல் பிரித்தானியப் பாராளுமன்றம் குளியலகங்கள், சலவைக்கூடங்கள் பற்றிய சட்டத்தை நிறைவேற்றியது. உள்ளூராட்சி நிறுவனங்கள் வரிப்பணத்திலிருந்து குளியலகம் அமைக்க அச்சட்டம் அதிகாரமளித்தது. கட்டணத்துக்கும் அது எல்லை வகுத்தது. தொழிலாளர்க்குரிய வகுப்பில் குளிர்நீர்க் குளியலுக்கு ஒரு பெனிக்கு மேலும், வெந்நீர்க் குளியலுக்கு இரண்டு பெனிக்கு மேலும் அறவிடலாகாது. உயர்வகுப்புக்குரிய குளியல்களின் எண்ணிக்கையைப் போல் இரு மடங்குக்குக் குறையாமல் தொழிலாளர்க்குரியவை இருத்தல் வேண்டும். 1878இல் வந்த திருத்தம் கூரையிட்ட நீச்சல் தடாகங்களுக்கும் வழிசெய்தது.

இச்சட்டத்தை ஆளும் வர்க்கத்தின் கருணை என்று புகழ்வோர் உளர். வாந்திபேதி செல்வரின் மாளிகை வாயிலில் நின்று அனுமதி கேட்பதில்லை என்ற அச்சமும், நோயாளித் தொழிலாளியால் ஆலை இயங்காது என்ற கணக்கும் அக்கருணையின் பின்னால் நின்றன. மேலும் அச்சட்டம் கட்டாயமானதன்று. விரும்பிய சபைகளே அதனைக் கைக்கொண்டன. இக்குறைகள் யாவும் உண்மையே. ஆயினும் உள்நோக்கம் எதுவாக இருந்தபோதிலும் ஒரு கோட்பாடு சட்டத்தில் பதிந்துவிட்டது. ஏழையின் உடல் தூய்மை அவனது தனிப்பட்ட விவகாரமன்று. பொதுப்பணத்தில் நிறைவேற்றப்பட வேண்டிய பொதுக் கருமம் என்பதே அது. அக்கோட்பாட்டின் செங்கல் வடிவமே பொதுக் குளியலகம்.

மூன்று வாயில்கள்

போல்சல் ஹீத் 1891இல் பேர்மிங்ஹாம் நகருடன் இணைக்கப்பட்டது. இணைவுக்கு ஈடாக நூலகமும் குளியலகமும் அமைத்துத் தருவதாக அப்பகுதி மக்களுக்கு வாக்களிக்கப்பட்டது. நூலகம் அப்பத்தாண்டிலேயே வந்தது. குளியலகத்துக்கோ அவர்கள் பதினாறு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. ஆகவே மோஸ்லி வீதிக் குளியலகம் நகரசபை மனமிரங்கி வழங்கிய நன்கொடையன்று. அது ஓர் ஒப்பந்தத்தின் விலை. தங்கள் ஊரின் தனித்தன்மையைக் கொடுத்து மக்கள் பெற்றுக்கொண்ட பொருள் அது.

வில்லியம் ஹேல் நிறுவனத்தார் வரைந்த அக்கட்டடம் செங்கல்லும் சுடுமண் வேலைப்பாடும் கொண்டது; அருகிலுள்ள நூலகத்துடன் ஒட்டி நிற்பது. உள்ளே இரு நீச்சல் தடாகங்கள். அவற்றுட் பெரியது, மேல்மாடமும் தடாகக் கரையோரமாக உடைமாற்றும் சிற்றறைகளும் வாய்ந்தது. குளிர்காலத்தில் அதன்மீது பலகை பரப்பி நடனமும் பொதுக்கூட்டமும் நடைபெற்றதுண்டு. இவற்றைவிட முக்கியமானவை 46 தனிக் குளியல் தொட்டிகள். வீட்டில் குளியலறை இல்லாதவர் சிறு கட்டணம் செலுத்தி, தனியறையில் வெந்நீரில் உடல் கழுவிச் செல்வதற்கென அமைந்தவை அவை. வார்ப்பிரும்பு நீர்த்தாங்கியும், நீராவியால் சூடாகும் துணி உலர்த்தும் சட்டங்களும் இன்றும் அக்கட்டடத்தினுள் எஞ்சியுள்ளன.

அதன் முகப்பில் மூன்று வாயில்கள் உண்டு. ஒன்று முதலாம் வகுப்பு ஆண்களுக்கு, மற்றொன்று இரண்டாம் வகுப்பு ஆண்களுக்கு, பிறிதொன்று பெண்களுக்கு. அக்காலக் குளியலகங்கள் பலவற்றின் நிலை இதுவே. மஞ்செஸ்டரில் 1906இல் திறக்கப்பட்ட விக்ரோறியா குளியலகத்தில் இப்பிரிவு வாயிலோடு நிற்கவில்லை, நீருக்குள்ளும் இறங்கியது. கிணற்றிலிருந்து எடுத்த புதுநீர் முதலில் முதலாம் வகுப்பு ஆண்களின் தடாகத்துக்குச் சென்றது. அங்கு பயன்பட்ட நீர் இரண்டாம் வகுப்பு ஆண்களின் தடாகத்துக்கும், இறுதியில் பெண்களின் தடாகத்துக்கும் விடப்பட்டது. நாட்டின் வர்க்க அமைப்பையும் ஆணாதிக்கத்தையும் விளக்க இதைவிடத் தெளிவான வரைபடம் வேண்டியதில்லை.

இத்தகைய கட்டடத்தை முற்போக்காளர் ஏன் காக்கவேண்டும் என்று ஒருவர் வினவலாம். கிணற்றடியில் யார் இறங்கலாம், யார் இறங்கலாகாது என்ற வழக்கை அறிந்த சமூகத்தவர்க்கு இவ்வினா இயல்பாகவே எழும். விடை இதுதான். சமத்துவமின்மையின் மீது எழுப்பப்பட்ட ஒரு பொதுச் சொத்து, அதனைப் பயன்படுத்தும் மக்களாலேயே சமத்துவத்தின் பக்கம் திருப்பப்படலாம். மோஸ்லி வீதியில் அதுவே நிகழ்ந்தது. வாயில்களின் மேல் பொறித்த எழுத்துகள் நின்றன, பிரிவு அழிந்தது. அவ்வெழுத்துகளை உடைத்தெறிய வேண்டியதில்லை. அவை கடந்துவந்த தூரத்தின் அளவுகோலாக நிற்கட்டும். ஆனால் அத்தூரத்தைக் கடந்தவர்கள் உள்ளே நீந்திக்கொண்டிருந்தால் மட்டுமே அளவுகோலுக்குப் பொருளுண்டு.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் போல்சல் ஹீத்தின் மக்கட்டொகை மாறியது. அயர்லாந்து, கரிபியன் தீவுகள், பாக்கிஸ்தான், யேமன் முதலிய நாடுகளிலிருந்து உழைக்க வந்தோர் அங்குக் குடியேறினர். நெருக்கமான, வசதி குறைந்த வாடகை வீடுகளே அவர்களுக்குக் கிட்டின. 1907இன் ஆங்கிலத் தொழிலாளிக்கென அமைந்த தனிக் குளியல் தொட்டி, பிற்காலத்தில் புலம்பெயர்ந்த தொழிலாளிக்குப் பயன்பட்டது. குளியலகங்களின் தேவை நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே முடிந்துவிட்டது என்று எழுதுவோர் ஓர் உண்மையை எதிர்கொள்ளுதல் வேண்டும். மோஸ்லி வீதியின் தனிக் குளியல் தொட்டிகள் 2004ஆம் ஆண்டுவரை பயன்பாட்டில் இருந்தன. உலகின் செல்வ நாடுகளுள் ஒன்றில், இருபத்தோராம் நூற்றாண்டிலும் உடல் கழுவப் பொதுத் தொட்டியை நாடியோர் இருந்தனர்.

நீர் குறைய மதிப்பு உயர்ந்த விந்தை

இக்குளியலகத்தின் அண்மைக்கால வரலாற்றில் இரு நிரல்களை அருகருகே வைத்து நோக்கினால் ஒரு விந்தை வெளிப்படும்.

முதலாவது நிரல் நீரைப் பற்றியது. 2003இல் பெருந்தடாகம் மூடப்பட்டது. 2004இல் தனிக் குளியல் தொட்டிகள் மூடப்பட்டன. சிறிய தடாகம் மட்டுமே எஞ்சியது. அதனையும் மூடும் யோசனைகள் அடுத்தடுத்து எழுந்தன. இரண்டாவது நிரல் மதிப்பைப் பற்றியது. 1982இல் அக்கட்டடம் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இரண்டாந்தரத்தில் சேர்க்கப்பட்டது. 2004இல் இரண்டாந்தர நட்சத்திர நிலைக்கு உயர்த்தப்பட்டது. 2016இல் உலக நினைவுச்சின்ன நிதியம் ஆபத்துக்குள்ளான இடங்களின் பட்டியலில் அதனைச் சேர்த்தது.

தனிக் குளியல் தொட்டிகளில் கடைசி வெந்நீர் வடிந்த அதே ஆண்டிலேயே கட்டடத்தின் மதிப்பு ஒருபடி உயர்ந்தது. ஏழை உள்ளே குளித்துக்கொண்டிருந்தவரை அது செலவினம். அவன் வெளியேறியதும் அது பொக்கிஷம். பட்டியலிட்டோரின் நோக்கம் தூயது என்பதில் ஐயமில்லை. அப்பட்டியல் இல்லாதிருந்தால் கட்டடம் இடிக்கப்பட்டிருக்கவும் கூடும். ஆனால் பட்டியல் பாதுகாப்பது சுவரையும் கூரையையும் ஓட்டையும்தான். தடாகத்தில் நீர் நிரப்புமாறு கட்டளையிடும் அதிகாரம் எந்தப் பட்டியலுக்கும் இல்லை.

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுதவேண்டும் என்ற பழமொழியை எடுத்துக்காட்டி, முதலில் சுவரைக் காப்போம், நீர் பின்னர் வரும் என்று கலாரசிகர் விடையிறுக்கலாம். பழமொழி உண்மையே. ஆனால் இங்கு சுவர் எழுந்ததே சித்திரத்துக்காக. மஞ்செஸ்டர் விக்ரோறியா குளியலகத்தின் கதை இதற்குச் சான்று. 1993இல் அது மூடப்பட்டது. அயலவர் விடாது போராடினர். பல்லாண்டுகள் தம் உழைப்பை ஈந்தனர். 2003இல் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் நாடெங்குமிருந்து தெரிவுசெய்யப்பட்ட 30 கட்டடங்களுள் அது பார்வையாளரின் வாக்குகளால் முதலிடம் பெற்றுப் பெருந்தொகைப் பணத்தையும் வென்றது. அவர்தம் உழைப்பால் அக்கட்டடம் அழிவிலிருந்து மீண்டது. சுற்றுலாவினர் வருகின்றனர், விழாக்கள் நிகழ்கின்றன, படப்பிடிப்புகளும் நடைபெறுவதுண்டு. எனினும் மூடப்பட்டுக் கால் நூற்றாண்டு கடந்தபோதும் அங்கு நாளாந்த நீச்சல் மீண்டிருக்கவில்லை. போராடியோர் கேட்டது நீரை. அவர்களுக்குக் கிடைத்தது சுவர். குறை அவர்களுடையதன்று. சுவருக்குப் பணம் தரும் கரங்கள் பல; நீருக்குப் பணம் தரும் கரங்கள் சில என்பதே குறை.

கிற்றி வில்கின்சனுக்கு 2012இல் லிவர்பூலின் சென் ஜோர்ஜ் மண்டபத்தில் பளிங்குச் சிலை நிறுவப்பட்டது. அம்மண்டபத்தில் சிலை பெற்ற முதற் பெண் அவர். சிலை வைத்தல் எளிது. ஒரு முறை செலவிட்டால் முடிந்தது. அவர் வாழ்ந்து காட்டிய பணியோ நாள்தோறும் கொதிகலனைச் சூடாக வைத்திருக்கும் பணி. அதனை நினைவுகூரச் சிலை போதாது.

கணக்காளர்க்கு விடை

‘நட்டம்’ என்ற சொல்லைக் கணக்காளர் மிகத் தாராளமாகக் கையாள்கின்றனர். பாடசாலை நட்டத்தில் இயங்குகிறது என்றோ தெருவிளக்கு நட்டத்தில் எரிகிறது என்றோ எவரும் கூறுவதில்லை. 1846இன் சட்டம் கட்டணத்துக்கு மேலெல்லை விதித்தபோதே குளியலகம் இலாபமீட்டும் தொழிலன்று என்பது தீர்மானிக்கப்பட்டுவிட்டது.

அடுத்ததாக அவர் சுட்டுவது பழுதை. கூரை ஆபத்தானது, திருத்தச் செலவு இலட்சக்கணக்கான பவுண் என்பார். இப்பழுது வானத்திலிருந்து விழுந்ததன்று. சூடான நீரின் ஆவி நாள்தோறும் மேலெழும் கட்டடத்தில் இரும்பு துருப்பிடிக்கும், சாந்து உதிரும், சுடுமண் வெடிக்கும். ஆண்டுதோறும் சிறு செலவில் பேணினால் அவை நிற்கும். பேணாது விட்டால் பத்தாண்டுகளில் சிறு கசிவு பெரும் சிதைவாகும். பேணவேண்டியவர்கள் பேணாது விட்டு, அதன் விளைவையே மூடுதற்குக் காரணமாகக் காட்டுகின்றனர். ஆட்டைப் பட்டினி போட்டு, மெலிந்துவிட்டது என்று அறுக்கக் கொடுக்கும் இடையனின் நியாயம் இது.

வீடுகள்தோறும் குளியலறை வந்துவிட்டதே, இன்னும் எதற்குப் பொதுக் குளியலகம் என்பதும் ஒரு வாதம். இது வெறுமனே ஒதுக்கத்தக்க வாதமன்று. தனிக் குளியல் தொட்டியைப் பொறுத்தவரை அதில் பெருமளவு உண்மையுண்டு. ஆனால் நீச்சலைப் பொறுத்தவரை அது பொருந்தாது. எந்தத் தொழிலாளியின் வீட்டிலும் நீச்சல் தடாகம் இல்லை. இங்கிலாந்தின் தேசிய பாடத்திட்டத்தின்படி ஆரம்பப் பாடசாலையை முடிக்கும் பிள்ளை குறைந்தது 25 மீற்றர் நீந்தத் தெரிந்திருத்தல் வேண்டும். இதனைச் சட்டமாக வைத்துக்கொண்டு, அயலிலுள்ள தடாகத்தை மூடுவது எவ்வகை நியாயம்? மோட்டார் வாகனமுள்ள குடும்பம் தொலைவிலுள்ள நவீன நிலையத்துக்குப் பிள்ளையைக் கொண்டுசெல்லும். நடந்து வரும் பிள்ளைக்கும், பிள்ளையைக் கையிற் பிடித்துவரும் தாய்க்கும், முதியவர்க்கும் அத்தொலைவே பூட்டு.

பெண்களின் நிலை இதில் தனியாக நோக்கற்பாலது. கிளாஸ்கோ நகரின் கொவன்ஹில் குளியலகத்தில் பெண்களுக்கெனத் தனித் தடாகம் இருந்தது. ஆண்களுடன் சேர்ந்து நீந்துதல் வழக்கமில்லாத முஸ்லிம் பெண்கள் பலர் வாழும் பகுதி அது. 2001இல் மாநகரசபை அதனை மூட முடிவுசெய்தபோது அயலவர் மார்ச் மாதம் கட்டடத்தினுள் புகுந்து அதனைக் கைப்பற்றினர். நான்கு மாதங்களுக்கு மேலாக முற்றுகை நீடித்தது. ஓகஸ்ட் மாதத்தில் பெருந்தொகைப் பொலிஸாரைக் கொண்டு அவர்கள் வெளியேற்றப்பட்டனர். பின்னர் அவர்கள் அமைத்த அறநிறுவனத்தின் முயற்சியால் 2012இல் கட்டடத்தின் ஒரு பகுதி மட்டும் மீளத் திறக்கப்பட்டது. தமக்குரிய தடாகத்தைத் தம் வரிப்பணத்தில் இயங்கும் சபையிடமிருந்தே காக்க மக்கள் முற்றுகையிட வேண்டியிருந்தது என்பதைச் சமூகத்தைப் போற்றுவோர் மறந்துவிடலாகாது. மக்கள் அன்று குளியலகத்தை நடத்த விரும்பியதால் உள்ளே புகவில்லை. சபை அதனைத் தொடர்ந்து நடத்தவேண்டும் என்பதற்காகவே புகுந்தனர்.

‘சமூகம்’ என்ற சொல்லின் இரு முகங்கள்

மோஸ்லி வீதியில் 2006இல் குளியலகத்தின் நண்பர்கள் அமைப்பு தோன்றியது. ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் அவர்கள் கூட்டம் கூடினர், மனுக் கொடுத்தனர், கட்டடத்தைச் சுற்றிக் காட்டினர், மரபுரிமை நிறுவனங்களை அழைத்துவந்தனர். 2018 ஏப்ரலில் மாநகரசபை நேரடி நிர்வாகத்தை விட்டு நீங்க, அயலவரின் அறநிறுவனம் அதனை ஏற்றது. ஒரு நாளேனும் நீந்தாது கழிந்துவிடலாகாது என்ற பிடிவாதமே அவர்களை உந்தியது. கதவு ஒருமுறை பூட்டப்பட்டால் மீளத் திறவாது என்பதை விக்ரோறியா குளியலகம் அவர்களுக்குக் கற்பித்திருந்தது. அவ்வகையில் அவர்கள் காத்தது கட்டடத்தையன்று, நீரையே. இதுவே அவர்களின் தனிச்சிறப்பு.

ஆனால் ஒரு நீச்சல் தடாகத்தை நடத்துவது நூற்றாண்டு விழா நடத்துவது போன்றதன்று. நாளொன்றுக்குப் பலமுறை நீரின் குளோரின் அளவைச் சோதித்தல் வேண்டும். கொதிகலன் நின்றால் இரவிலும் எழுந்து செல்லவேண்டும். பயிற்சி பெற்ற உயிர்காப்பாளர் கரையில் இல்லாது ஒரு குழந்தையையும் நீரில் இறக்கலாகாது. காப்புறுதி, கணக்காய்வு, எரிவாயுக் கட்டணம், நூறாண்டு கடந்த குழாய் ஆகியவை யாவும் தன்னார்வலரின் தோள்மீது விழுகின்றன. பகலில் தொழிலுக்குச் சென்று மாலையில் குளியலகக் கூட்டத்துக்கு வருவோரிடம் ஒரு திணைக்களத்தின் சுமை ஒப்படைக்கப்படுகிறது. திணைக்களத்தின் வருமானம் ஒப்படைக்கப்படுவதில்லை.

‘சமூகம்’ என்ற சொல்லுக்கு இரு முகங்கள் உண்டு. மக்கள் அதனைக் கூறும்போது அது உரிமையின் சொல். இது எங்களுடையது, எங்களைக் கேளாது முடிவெடுக்காதே என்பது அதன் பொருள். ஆட்சியாளர் அதனைக் கூறும்போது அது கைகழுவலின் சொல். இது உங்களுடையது, எங்களிடம் கேளாதே என்பது அதன் பொருள். 2010இன் பின் பிரித்தானியாவில் உள்ளூராட்சிக்கான மத்திய நிதி கடுமையாக வெட்டப்பட்ட காலத்திலேயே, 2011இன் உள்ளூரியச் சட்டம் சமூகப் பெறுமதியுள்ள சொத்துகளை வாங்க முன்வரும் உரிமையை மக்களுக்கு வழங்கியது. ஒரு கையால் பணத்தை எடுத்து மறுகையால் உரிமையைக் கொடுத்த காலம் அது. வரிகட்டி ஏற்கெனவே ஒருமுறை வாங்கிய சொத்தை மக்கள் மீண்டும் ஒருமுறை வாங்கும் உரிமை அது.

இதில் மற்றுமோர் அநீதி மறைந்துள்ளது. சட்டத்தரணியும் கட்டடக் கலைஞரும் ஓய்வுபெற்ற அதிகாரியும் வாழும் அயலில் குளியலகத்தைக் காக்க ஆற்றலும் நேரமும் கிட்டும். இரு தொழில்கள் செய்து வயிறு கழுவும் குடும்பங்கள் வாழும் அயலில் அவை எளிதிற் கிட்டா. தன்னார்வத்தையே பாதுகாப்பின் விதியாக்கினால் தேவை குறைந்த இடத்தில் தடாகம் நிலைக்கும். தேவை மிகுந்த இடத்தில் அது வற்றும். போல்சல் ஹீத் வறுமை மிகுந்த பகுதியாக இருந்தும் இவ்விதியை முறியடித்தது. அது அம்மக்களுக்குப் பெருமை. ஆனால் ஒரு விதிவிலக்கைக் காட்டி விதி நியாயமானது என்று நிறுவ இயலாது.

பணம் இல்லை என்பதே இறுதி வாதம். 2023 செப்டெம்பரில் பேர்மிங்ஹாம் மாநகரசபை தனது செலவுகளை ஈடுசெய்யும் நிலையில் தானில்லை என்று சட்டபூர்வமாக அறிவித்தது உண்மையே. பெண் தொழிலாளர்க்குச் சம வேதனம் வழங்காது விட்டதால் குவிந்த கடப்பாடும், புதிய கணினி முறைமையால் ஏற்பட்ட பெருஞ்செலவும், நீண்டகால நிதிவெட்டும் அதன் காரணங்களாகப் பேசப்பட்டன. இவற்றுள் எதுவும் நீந்த வந்த பிள்ளையின் பிழையன்று. அன்றியும் பணம் முற்றாக இல்லாமற் போகவில்லை. 2021இல் மத்திய அரசு மோஸ்லி வீதிக் குளியலகத்துக்கும் நூலகத்துக்குமென 1 கோடியே 55 இலட்சம் பவுண் ஒதுக்கியது. அது வரவேற்கத்தக்கது. ஆனால் எவ்வகையில் ஒதுக்கியது? நகரங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டு விண்ணப்பித்த நிதியிலிருந்து, வென்றோருக்குரிய பரிசாக ஒதுக்கியது. மஞ்செஸ்டரில் தொலைக்காட்சி வாக்கெடுப்பு. பேர்மிங்ஹாமில் விண்ணப்பப் போட்டி. 1846இல் சட்டமாக இருந்தது இன்று பரிசாகியுள்ளது. பரிசு என்ற ஒன்று இருந்தால் தோற்றோர் என்ற கூட்டமும் இருந்தே தீரும். அத்தோற்ற ஊர்களின் பிள்ளைகளும் 25 மீற்றர் நீந்தக் கற்கவேண்டும் என்பதை அப்போட்டியின் நடுவர்கள் எண்ணிப்பார்த்தனரா?

வேண்டப்படுவது

இதுகாறும் கூறியவற்றிலிருந்து தன்னார்வலர்கள் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்றோ, பழைய சபை நிர்வாகமே குறையற்றது என்றோ எவரும் முடிவுகட்டுதல் தவறாகும். சபையின் அதிகாரிகளால் மட்டுமே நடத்தப்பட்ட காலத்தில்தான் கூரை சிதைந்தது. அயலவர் உள்ளே வந்த பின்னரே குளியலகத்துக்குக் குரல் கிடைத்தது. வேண்டப்படுவது மூன்று.

முதலாவது, பொதுக் குளியலகத்தின் பாதுகாப்பு சுவரைக் கொண்டு அளக்கப்படாது நீரைக் கொண்டு அளக்கப்படுதல் வேண்டும். தடாகம் நிறைந்துள்ளதா, அயலிலுள்ள வறிய குடும்பம் செலுத்தக்கூடிய கட்டணத்தில் அது திறந்துள்ளதா என்பவையே முதல் வினாக்கள். சுடுமண் வேலைப்பாட்டின் அழகு அடுத்த வினா. இரண்டாவது, அதற்கான நிதி போட்டிப் பரிசாகவன்றிச் சட்டக் கடப்பாடாக வழங்கப்படுதல் வேண்டும். 1846இன் சட்டம் உள்ளூராட்சிக்கு அதிகாரம் மட்டுமே கொடுத்தது. அது கொடாது விட்ட கட்டாயத்தை இக்காலம் கொடுக்கவேண்டும். மூன்றாவது, அயலவர்க்கு நிர்வாகத்தில் பங்களித்தல் என்பது சுமையை இறக்கிவைப்பதாக அமையாது அதிகாரத்தைப் பகிர்வதாக அமைதல் வேண்டும். சம்பளம் பெறும் தொழிலாளி கொதிகலனைக் கவனிக்க, பொதுப்பணம் கூரையைத் தாங்க, நேரமும் விலையும் வாயிலும் எவ்வாறு அமையவேண்டும் என்பதை அங்கு நீந்துவோர் தீர்மானிக்கட்டும்.

இவை கனவுகள் என்று ஒதுக்கப்படலாம். ஏழைக்கு வெந்நீர் என்பதும் 1832இல் கனவாகவே இருந்தது. ஒரு பெண்ணின் கொதிகலனிலிருந்து பாராளுமன்றச் சட்டம்வரை செல்லப் பதினான்கு ஆண்டுகளே பிடித்தன. இன்று நிகழ்வது எதிர்த்திசைப் பயணம். பாராளுமன்றச் சட்டத்திலிருந்து மீண்டும் அயலவரின் கொதிகலனுக்கு மக்கள் திருப்பி அனுப்பப்படுகின்றனர். அதனை முன்னேற்றம் என்று கொண்டாடுமாறும் கேட்கப்படுகின்றனர்.

மோஸ்லி வீதி மக்களைப் பாராட்டுவோர் பாராட்டுக. ஆனால் பாராட்டு முடிந்ததும் மாநகரசபையின் வாயிலிலும் அதற்கும் மேலே பாராளுமன்றத்தின் வாயிலிலும் நின்று, 1891இல் அளித்த வாக்கை நினைவூட்டுக. அவ்வாக்குக்கு முடிவுத் திகதி எதுவும் குறிக்கப்படவில்லை.